கூடைக்கு அடியில் ஒரு கால்தடம்

நான் ஆடு திருடியவன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் என்னைப் பற்றி யாரிடம் கேட்டாலும் முதலில் அதைத்தான் சொல்வார்கள். காவல்காரன் என்பது அப்புறம்தான் வரும். களவாண்டது ஆறேழு வருஷம். காவல் பார்த்தது இருபது வருஷத்துக்கு மேல். எது முன்னால் வந்து நிற்கிறது பாருங்கள்.

எங்கள் ஊர் திருச்சுழிக்கும் எம்.ரெட்டியபட்டிக்கும் நடுவில் இருக்கிறது. பஸ்ஸு நிற்கும், டிரைவருக்கு மனசு இல்லையென்றால் நிற்காமலும் போகும். மழை பெய்தால் பருத்தி, கம்பு, கொத்தமல்லி போடுவார்கள். பெய்யாவிட்டால் வேலிமுள்தான். அதனால் ஆடுதான் கையில் இருக்கும் காசு. பிள்ளைக்குக் காலேஜ் பீஸா, ஆஸ்பத்திரியா, ஒரு ஆட்டைப் பிடித்துக்கொண்டு போவார்கள். அந்த ஆட்டைத்தான் நாங்கள் தூக்கிக்கொண்டு போனோம்.

நாங்கள் என்றால் நானும் என் கூட்டாளியும். அவனுக்குப் பக்கத்து ஊர். சேர்ந்து மூட்டை தூக்கினோம், சேர்ந்து குடித்தோம், சேர்ந்து திருடினோம். ஆடு கத்தாமல் இருக்க அதன் நாக்கில் ஒரு கருவேல முள்ளைக் குத்துவோம். அதற்கப்புறம் ஆடு வாயைத் திறக்காது. இதை எழுதும்போது எனக்கு உடம்பு கூச வேண்டும். கூசவில்லை. அப்போதும் கூசியதில்லை.

ஒரு தடவை மல்லாங்கிணறு தாண்டி ஒரு ஆட்டுப் பட்டியில் கை வைத்தோம். கிடாயைத் தோளில் போட்டுக்கொண்டு சுவரிலிருந்து குதித்த என் கூட்டாளி இடது கணுக்காலில் விழுந்தான். எலும்பு ஒடிந்த சத்தம் எனக்கே கேட்டது. நான் நிற்கவில்லை. ஓடினேன். விடிந்ததும் முதல் பஸ்ஸில் ஏறி அருப்புக்கோட்டையில் இறங்கி, ஒன்றும் நடக்காதவன் போல டீ குடித்தேன்.

அவனை நாலு நாள் வைத்து அடித்தார்கள். எந்த ஸ்டேஷன் என்பது வேண்டாம். "கூட வந்தவன் யாருடா?" என்று கேட்டு அடித்தார்கள். "நான் தனியாத்தான் வந்தேன்" என்று நாலு நாளும் ஒரே பதிலைச் சொன்னான். ஒடிந்த காலுக்குச் சரியான வைத்தியம் இல்லை. எலும்பு கோணலாகக் கூடிவிட்டது. ஜெயிலிலிருந்து வெளியே வந்தபோது இடது காலை இழுத்து நடந்தான். பாதத்தின் வெளி ஓரம்தான் தரையில் படியும், பெருவிரல் பதியாது. என்னைப் பார்த்தபோது அந்த நாலு நாளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பீடி இருக்கிறதா என்று மட்டும் கேட்டான்.

அதோடு அவன் களவை விட்டான். நான் விடவில்லை. ஒரு வருஷம் கழித்து வேறு கேஸில் மாட்டி, பத்து மாதம் உள்ளே இருந்தேன். எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டது அங்கேதான்.

நான் காவல்காரன் ஆன கதை சின்னது. ஒரு கோடையில் எங்கள் ஊரில் ஆறு பட்டிகளில் ஆடு போனது. நான் எடுக்கவில்லை, அப்போது எனக்குக் கல்யாணமாகிச் செங்கல் சூளைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அப்போதிருந்த ஏட்டையா ஊர்க் கூட்டத்தில் வந்து, "அவனையே காவலுக்குப் போடுங்கய்யா, பாதிக் களவு அன்னைக்கே நின்னுரும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மறுவாரம் கருப்பசாமி கோயிலில் சூடம் ஏற்றி, அதை என் உள்ளங்கையால் அணைக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கி, கையில் ஒரு விசிலையும் டார்ச் லைட்டையும் கொடுத்துவிட்டார்கள்.

ஊர்க்காவலுக்கு எங்கள் பக்கம் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஆடு வைத்திருக்கிற வீடு ஒவ்வொன்றும் வருஷத்துக்கு ஒரு குட்டி காவல்காரனுக்குத் தர வேண்டும். பதிலுக்கு, ஆடு களவு போனால் காவல்காரன் திருடனைக் காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் தன் பட்டியிலிருந்து ஆட்டுக்கு ஆடு கட்ட வேண்டும். கட்டியிருக்கிறேன், இரண்டு மூன்று தடவை. என் வீட்டுக்காரி அந்தந்த ஆட்டின் பெயரைச் சொல்லி இன்றைக்கும் ஏசுவாள்.

திருடனைக் காட்டுவது கால்தடத்தை வைத்துத்தான். களவு நடந்த இடத்தை முதலில் பார்க்கிறவர்கள் நல்லா விழுந்திருக்கிற தடம் ஒன்றின் மேல் கூடையைக் கவிழ்த்து, கூடை மேல் கல்லை வைத்துவிட வேண்டும். நான் வந்து திறக்கும்வரை யாரும் அதைத் தொடக் கூடாது. மழைக்காலக் கரிசலில் கால் விழுந்தால் அச்சு எடுத்த மாதிரி இருக்கும். பிள்ளைத்தாச்சி நடந்தால் குதிகால் ஆழமாக இறங்கும். தண்ணீர்க் குடம் இடுப்பில் இருந்தால் ஒரு பக்கம் அழுந்தும். குடித்தவன் தடத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஊரில் யார் கால் எது என்று எனக்குத் தெரியும். ஒருவன் மல்லி மூட்டையைத் தூக்கிவிட்டு, முதல் ஆளாக வந்து கூடை அருகில் நின்று துக்கம் விசாரித்தான். நான் கூடையைத் திறந்து பார்த்துவிட்டு, "செருப்பக் கழத்து" என்றேன். அவன் கழற்றவில்லை, அழுதுவிட்டான்.

அந்த நாள்களில் எனக்குத் திமிர் இருந்தது. கூட்டம் விலகி வழி விடும். நான் மெதுவாகத்தான் போவேன். வேட்டியை மடித்துக் கட்டிக் குத்தவைத்து, கூடையைத் தூக்குவதற்கு முன் ஒரு நிமிஷம் சும்மா இருப்பேன். திருட்டுப் பயல் என்று சொன்ன வாயெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அந்த ஒரு நிமிஷத்துக்காகவே வருஷம் முழுக்கக் காவல் பார்க்கலாம்.

சுகர் இருக்கிறது என்று தெரிந்து ஏழெட்டு வருஷம் இருக்கும். மாத்திரையை நினைத்தால் போடுவேன். போன ஐப்பசிக்குக் கொஞ்ச நாள் முன்னால் ஒரு நாள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரி என் காலையே பார்த்தாள்.

"என்னங்க, ஒத்தச் செருப்போட வந்து நிக்கிறீக?"

பார்த்தால் இடது காலில் செருப்பு இல்லை. எங்கே கழன்றது என்று தெரியவில்லை. இன்னொரு நாள் அதே காலில் ஒரு விரற்கடை நீள முள்ளை அவளே பார்த்துப் பிடுங்கினாள். "இத்தத்தண்டி முள்ளு ஏறியிருக்கு, தெரியலையா?" என்றாள்.

"காட்டுல பழகின காலுடி. முள்ளுக்கெல்லாம் அசையுமா?" என்று பெருமை பேசினேன்.

ஐப்பசியில் ஒரு நாள் மத்தியானத்திலிருந்து நல்ல மழை. பொழுது சாயும் நேரத்தில் விட்டது. வழக்கம்போல் ஒரு சுற்றுப் போனேன். கரிசல் சகதியில் செருப்போடு நடக்க முடியாது, தட்டுத் தட்டாக ஒட்டிக்கொண்டு வரும். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனேன். ஊருக்கு மேற்கே கடைசி வீட்டில் ஒரு அம்மா இருக்கிறாள், புருஷன் இல்லாதவள், வெள்ளாடு வளர்த்துப் பிழைக்கிறாள். அவள் பட்டி வாசலில் நின்று, வாசலை அடைக்கும் படல் கட்டியிருக்கிறதா என்று பார்த்தேன். கட்டியிருந்தது. வந்துவிட்டேன்.

விடிந்து பார்த்தால் இரண்டு ஆடுகளைக் காணோம். இரண்டும் சினை.

நான் போனபோது ஊரில் பாதி அங்கே இருந்தது. பட்டி வாசலில் கூடை கவிழ்த்திருந்தது. மற்ற தடத்தை எல்லாம் ஆடுகள் மிதித்துக் குழப்பியிருந்தன, இது ஒன்றுதான் தப்பியது என்றாள் அந்த அம்மா. ராத்திரி ஆடு கத்தியதாம், குளிருக்குக் கத்துகிறது என்று இருந்துவிட்டாளாம். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். நான் வழக்கம்போல் ஒரு நிமிஷம் சும்மா இருந்துவிட்டுக் கூடையைத் தூக்கினேன்.

இடது கால். வெளி ஓரம் அழுந்தியிருந்தது. பெருவிரல் பதியவில்லை. முன்பக்கம் மண்ணை இழுத்திருந்தது.

முந்தின சாயங்காலம் நானும் அதே வாசலில் நின்றேன் என்பது மறக்கவில்லை. என் தடமும் இங்கே எங்கேயோ இருந்திருக்கும், ஆடு மிதித்திருக்கும் என்று நினைத்தேன். என் கால் நேராக விழும் கால். இது நொண்டிக் கால். சுற்றுவட்டத்தில் இப்படி மண்ணை இழுக்கும் கால் எனக்குத் தெரிந்து ஒன்றுதான்.

ஒரு குச்சியை ஒடித்துத் தடத்தின் நீளத்துக்கு அளவெடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன். ஒன்றும் சொல்லாமல் எழுந்தேன். தடம் புரிபடவில்லை என்று சொல்லிவிட்டு என் பட்டியிலிருந்து இரண்டு ஆடுகளைக் கொடுத்துவிடலாம். அந்த நினைப்பு வந்தது, பொய் சொல்லவில்லை. அப்போது பின்னால் ஒருவன் மெதுவாகச் சொன்னான், எனக்குக் கேட்கட்டும் என்றே சொன்னான்:

"தெரிஞ்ச காலா இருக்கும். அதான் வாயத் தொறக்க மாட்டேங்காரு."

சுருக்கென்றது. இருபது வருஷம் வெயிலிலும் பனியிலும் இவர்கள் ஆட்டைக் காத்தவன் நான். கூட்டாளியைக் காப்பாற்றுகிற திருடன் என்று என்னைச் சொல்ல ஒரு வாய் இன்னும் மிச்சம் இருக்கிறதா? திரும்பி, என் கூட்டாளியின் பெயரைச் சொன்னேன். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, அவன் ஊர்ப் பெயரோடு சேர்த்துச் சொன்னேன்.

ஊர்த் தலைவர் நிதானமானவர். "எதுக்கும் ஒரு எட்டுப் போயி, அவரு காலையும் அளந்து பாத்துருவமா?" என்று கேட்டார்.

"எனக்குத் தெரியாத காலா? அளக்கவே வேண்டாம்" என்றேன். அடச்சீ, அந்தக் குரலை இப்போது நினைத்தால் என்னையே நாலு அறை அறையலாம் போல இருக்கிறது.

அதற்குள் யாரோ தடத்தைப் போனில் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார்கள். நான் வீடு போய்ச் சேரும் முன்பே அந்தக் கால் பாலவனத்தம் வரைக்கும் போய்விட்டது.

இப்போது என் கூட்டாளி என்ன தொழில் செய்கிறான் என்று சொல்ல வேண்டும். அவன் செம்மறிக் கிடை போடுகிறவன். நாலைந்து ஊர்க்காரர்கள் தங்கள் செம்மறிகளை அவனிடம் விட்டிருந்தார்கள். அவன் பகலெல்லாம் மேய்த்து, ராத்திரி யாராவது ஒருவர் வயலில் வலை கட்டி அடைப்பான். ஆட்டுப் புழுக்கை வயலுக்கு உரம், அதற்கு அவனுக்குக் கூலி. ஆடு திருடி ஜெயிலுக்குப் போனவனை நம்பி ஆட்டை விட ஊர்க்காரர்களுக்கு எத்தனை வருஷம் ஆகியிருக்கும்? முதலில் நாலு குட்டி விட்டார்களாம். ஒரு வருஷம் பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம். அப்படி ஒன்றிரண்டாகச் சேர்த்த நம்பிக்கை அது. அவனிடம் வேறு ஒன்றும் கிடையாது. அவன் பெண்டாட்டி போய்ச் சேர்ந்துவிட்டாள். மகன் திருப்பூரில்.

நாலு நாள் கழித்து அவனைக் கோயிலுக்கு வரச் சொன்னார்கள். வந்தான். காலை இழுத்து இழுத்து வந்து என் எதிரில் நின்றான்.

"அளந்து பாத்தியாலே?" என்று கேட்டான். அவ்வளவுதான் கேட்டான்.

"உன் கால அளந்துதான் தெரியணுமாலே?" என்றேன்.

அவன் சாமி பக்கம் திரும்பினான். சூடத்தை ஏற்றச் சொல்லி, உள்ளங்கையால் அணைத்து, "நான் எடுக்கல" என்று சத்தியம் செய்துவிட்டுப் போய்விட்டான். பொய்ச் சத்தியமோ மெய்ச் சத்தியமோ, முப்பது நாளுக்குள் சாமி காட்டிவிடும் என்று கூட்டம் கலைந்தது. திருடனைக் காட்டிவிட்டதால் என் பொறுப்பு முடிந்தது. என் இரண்டு ஆடுகள் தப்பின.

ஆனால் ஆட்டுக்காரர்கள் சாமிக்காகக் காத்திருக்கவில்லை. மறுநாளிலிருந்து ஒவ்வொருவராகப் போய், அவரவர் ஆட்டைப் பிரித்து ஓட்டிக்கொண்டு போனார்கள். யாரும் ஏசவில்லையாம். "மகளுக்குச் செலவு இருக்கு", "சந்தைக்கு ஓட்டணும்" என்று ஆளுக்கொரு காரணம். அந்த வாரக் கடைசியில் நான் பஸ்ஸில் போகும்போது பார்த்தேன். தரிசு நடுவில் வலையைச் சுருட்டி வைத்துவிட்டு, அவன் அதன் மேல் உட்கார்ந்திருந்தான். கண்ணுக்கு எட்டும் தூரத்தில் ஒரு ஆடு இல்லை. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வருத்தமாக இருந்ததா என்று கேட்டால், இல்லை. நடந்தது நடந்துவிட்டது என்று ஒரு கல்லு மாதிரி இருந்தேன். திருச்சுழியில் இறங்கிப் பரோட்டா தின்றேன்.

கார்த்திகை பிறந்தது. வீடு வீடாக வந்து சுகர், பிரஷர் பார்க்கிற நர்ஸம்மா வந்தாள். சின்னப் பிள்ளை, எதற்கும் ஒரு சிரிப்பு. என் வீட்டுக்காரி அவளிடம் செருப்புக் கதையையும் முள் கதையையும் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டாள். நர்ஸம்மா என்னைக் கட்டிலில் படுக்கச் சொன்னாள். அவள் கையில் தூண்டில் நரம்பு மாதிரி ஒரு பிளாஸ்டிக் இழை.

"கண்ண மூடிக்கோங்க ஐயா. நான் பாதத்தத் தொடுறப்ப எல்லாம் 'ம்'னு சொல்லணும்."

கண்ணை மூடினேன். வலது காலில் தொட்டாள். 'ம்' என்றேன். நாலைந்து தடவை 'ம்' சொன்னேன். பிறகு இடது காலுக்காகக் காத்திருந்தேன். வெளியே கோழி கொக்கரித்தது. யாரோ டிவிஎஸ் வண்டியை உதைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பொறுமை போய்விட்டது.

"எப்பம்மா ஆரம்பிக்கப் போற?"

"முடிச்சிட்டேனே ஐயா" என்றாள்.

கண்ணைத் திறந்தேன். அவள் சிரிக்கவில்லை. என் வீட்டுக்காரி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பத்து இடத்தில் தொட்டாளாம், பேனா முனையால் குத்தியும் பார்த்தாளாம். "இடது காலு சுத்தமா மரத்துப் போச்சு. எறங்கி நாலு எட்டு நடங்க" என்றாள். நடந்தேன். "முன்னங்காலு தொங்குது பாருங்க, தரையில இழுக்குறீங்க. ஓரத்துல ஊனி நடக்குறீங்க. ரொம்ப நாளா இப்படித்தான் நடந்திருப்பீங்க" என்றாள்.

அவள் பேசிக்கொண்டே இருந்தாள், பெரியாஸ்பத்திரி, மாத்திரை, செருப்புப் போடாமல் நடக்கக் கூடாது என்று. எனக்கு ஒன்றும் ஏறவில்லை. அவள் போனதும் வெறுங்காலோடு வெளியே வந்தேன். முந்தின நாள் தூறலில் வாசல் ஈரமாக இருந்தது. பத்து எட்டு நடந்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன்.

ஊரில் இருக்கிற கால் அத்தனையும் பார்த்தவன் நான். என் காலைத் திரும்பிப் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. தடம் பார்க்கிறவன் எப்போதும் முன்னால்தான் பார்ப்பான். பின்னால் எதற்குப் பார்க்க வேண்டும்?

வெளி ஓரம் அழுந்தியிருந்தது. பெருவிரல் பதியவில்லை. மண்ணை இழுத்திருந்தது. கூரைத் தகரத்தில் செருகி வைத்திருந்த குச்சியை எடுத்து வந்து தடத்தில் வைத்தேன். மயிரிழை கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அந்த அம்மாவின் இரண்டு ஆடுகளை யார் எடுத்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. இப்போதெல்லாம் காரில் வருகிறார்கள், பின் சீட்டில் ஆட்டை ஏற்றிக்கொண்டு போகிறார்கள். தார் ரோட்டில் டயருக்கு ஏது கால்? கூடைக்கு அடியில் இருந்தது மட்டும் என் கால். முந்தின சாயங்காலம் படலைப் பார்க்க நின்ற கால்.

வீட்டுக்காரியிடம் சொன்னேன். அவள் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். பிறகு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"வாயத் தொறக்காதீக" என்றாள். "உங்க காலுன்னு நீங்களே போயிச் சொன்னா, நீங்கதான் எடுத்தீகன்னு சொல்லிருவாக."

"அதெப்படிச் சொல்லுவாக? காவக்காரன் காலு பட்டிக்கிட்ட இருக்கத்தான் செய்யும். இருபது வருசமா என்னைப் பாக்காக இல்ல?"

"நானும் இருபது வருசமா இவுகளப் பாக்கேன்" என்றாள்.

இரண்டு நாள் வீட்டைவிட்டு வெளியே போகவில்லை. சும்மா இருந்தால் என் காவல் இருக்கும், பெயர் இருக்கும், ஆடுகள் இருக்கும். சொன்னால் அவனுக்கு ஆடு திரும்பும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் மழை பெய்தது.

மழை விட்டதும் ஊர்த் தலைவரைக் கூப்பிட்டேன், அந்த அம்மா பட்டிக்கு நாலு பேரோடு வரச் சொல்லி. அவர்கள் வரும் முன்னே பட்டி வாசலில் வெறுங்காலோடு நடந்து, இடது கால் தடத்தின் மேல் அந்த அம்மாவின் கூடையையே கவிழ்த்து, மேலே ஒரு கல்லையும் வைத்தேன். கூட்டம் சேர்ந்தது. மறுபடியும் களவா என்று கேட்டுக்கொண்டே வந்தார்கள்.

கூடையைத் தூக்கினேன். யாரோ போனை எடுத்துப் பழைய படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். "அதே காலு!" என்று சத்தம். நான் குச்சியை வைத்து அளந்து காட்டினேன். பிறகு என் காலைத் தூக்கி அந்தத் தடத்திலேயே வைத்தேன்.

"அன்னைக்குக் கூடைக்குள்ள இருந்தது என் காலுதான். சுகர்ல மரத்துப் போயிக் கோணலா விழுகுது. அவன் வரல. நான் தப்பாச் சொல்லிட்டேன்" என்றேன்.

அந்த அம்மாதான் முதலில் பேசினாள்.

"அப்ப நீங்கதான் எடுத்தீகளா?"

"ஏத்தா, நான் காவலுக்கு வந்து நின்ன காலு அது" என்றேன். அது யார் காதிலும் விழவில்லை. ஒரு பெரியவர் கோயில் இருக்கிற திசையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "முப்பது நாளு ஆகல பாத்தீகளா! அந்த மனுசன் சூடத்த அணைச்சிட்டுப் போனாரு, கருப்பன் கேட்டுட்டான். எடுத்தவன் காலையே முடக்கி, அவன் வாயாலயே சொல்ல வச்சிட்டான்!"

கூட்டத்துக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஒருத்தி குலவை போட்டாள். அப்போதே ஆளுக்கொரு போனில் பக்கத்து ஊர்களுக்குச் சொல்லத் தொடங்கினார்கள். சாமியே சாட்சி சொல்லிவிட்ட மனுஷன், அவரிடமிருந்து ஆட்டைப் பிரித்துவிட்டோமே, பாவம் பிடிக்குமே என்று. என் கண் முன்னாலேயே அவன் ஆடுகள் திரும்பிப் போவது எனக்குத் தெரிந்தது.

தலைவர் என்னைப் பார்த்தார். "நீங்க என்ன சொல்றீக?" என்று கேட்டார். அவருக்குப் புரிந்திருந்தது என்றுதான் நினைக்கிறேன். நான் எடுக்கவில்லை என்று அங்கே நின்று சாதித்திருக்கலாம். அவரும் ஒத்துக்கொண்டிருப்பார். ஆனால் நான் எடுக்கவில்லை என்றால் பிறகு யார் எடுத்தது என்ற கேள்வி வரும். கேள்வி வந்தால், பழைய திருடன் இன்னொருவன் பக்கத்து ஊரில் இருக்கிறான். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இடுப்பிலிருந்த விசிலை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்தால் சேதி எனக்கு முன்னால் வந்திருந்தது. என் வீட்டுக்காரி பட்டியில் நின்று இரண்டு ஆடுகளை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். நான் ஒரு மலட்டு ஆட்டைக் காட்டினேன்.

"அவ பறிகுடுத்தது சினையாடு. நாமளும் சினையாத்தான் குடுக்கணும்" என்றாள். அவளே ஓட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்தாள். திரும்பி வந்ததும் அடுப்பைப் பற்றவைத்தாள். என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பத்து நாள் கழித்து அவனைப் பார்க்கப் போனேன். மல்லி விதைக்கப் போகிற ஒரு தரிசில் வலை கட்டியிருந்தான். சாயங்காலம். ஆடுகள் அடையத் தொடங்கியிருந்தன. முன்பைவிட அதிகம் போலத் தெரிந்தது. என்னைப் பார்த்து அவன் எழுந்திருக்கவில்லை. நானாகவே பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நீ எடுக்கலைன்னு எனக்குத் தெரியும்லே" என்றான். "அன்னைக்கு ராத்திரி ஆடு கத்துச்சுன்னு அந்தம்மா சொல்லிச்சாம்ல. நீ எடுத்திருந்தா கத்தியிருக்காது."

சிரிக்கிறானா என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. ஒரு குட்டி அவன் முழங்காலை முகர்ந்துகொண்டு நின்றது. அதன் காதைத் தடவிக்கொண்டே சொன்னான்:

"அன்னைக்கு என்னைய நாலு நாளு வச்சு அடிச்சாங்க. உம்பேர நான் சொல்லல. உன்னைய ஒருத்தன் ஒரு அடி அடிக்கல. எம்பேரச் சொல்லிட்டயேலே."

அவன் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். மழை பெய்ததைச் சொல்கிற மாதிரி சொன்னான். கண்ணில் தண்ணீர் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. "வாரேன்" என்று எழுந்தேன்.

ரோட்டில் ஏறும்போது பின்னாலிருந்து கூப்பிட்டான்.

"ஏலே, செருப்பு."

குனிந்து பார்த்தேன். இடது காலில் செருப்பு இல்லை. அவன் பக்கத்தில், நான் உட்கார்ந்திருந்த இடத்திலேயே கிடந்தது. திரும்பிப் போய் எடுத்து மாட்டிக்கொண்டேன். அவன் தலை நிமிரவில்லை, ஆடுகளை எண்ணத் தொடங்கியிருந்தான்.